கித்தார் கற்க யாருடைய கடாட்சம் வேண்டும்?

இன்றைய தினம் ஒரு செல்போனும் ஒரு கித்தாரும் கையில் வைத்திருக்கும் எந்த ஆணும் பெண்ணும், ஒரு காசு சம்பளம் கொடுக்காமலும், ஒருவர் காலிலும் விழாமலும், நாள் நட்சத்திரம் பாராமலும் கித்தார் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்கின்ற நிலைமை உலகத்தில் ஏற்பட்டு ஏறக்குறைய 20 வருஷகாலமாகின்றது. ஊரூராய், தெருத்தெருவாய் வாலிபர்கள் இணையத்தில் ஓடும் வீடியோப் பாடங்களைப் பார்த்துத் தந்தியை மீட்டிக்கொண்டிருக்கின்றார்கள். இது ஏதோ பொழுதுபோக்குச் சங்கதிதானே, இதற்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம், இதற்காக நம் பத்திரிகையில் இடம் செலவழிப்பானேன் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பது சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஏனென்றால் கடவுள், பிறவி, குரு என்கின்ற மூன்று பூட்டுகளைப் போட்டு ஒரு வித்தையை எப்படிப் பூட்டிவைத்திருந்தார்கள் என்பதும், அந்தப் பூட்டுகளுக்குள்ளே உண்மையில் என்னதான் இருந்தது என்பதும் இந்த இலவசப் பாடங்களைப்போல வேறு எதனாலும் இவ்வளவு வெட்டவெளிச்சமாக ருசுவானதில்லை.

நம் நாட்டில் சங்கீதத்தைப்பற்றிச் சொல்லிவைத்திருக்கும் சங்கதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் தெய்வீகமாம். அது கைவர வேண்டுமானால் பூர்வஜென்ம புண்ணியம் வேண்டுமாம். புண்ணியம் இருந்தாலும் சரஸ்வதி கடாட்சம் வேண்டுமாம். கடாட்சம் இருந்தாலும் குருவின் அருள் வேண்டுமாம். குரு அருளுவதற்கு அவர் வீட்டில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, கால் பிடித்துக் காத்துக்கிடக்க வேண்டுமாம். இவ்வளவும் ஒருவனுக்கு வாய்த்துவிட்டாலும் அவன் இன்ன ஜாதியில் பிறந்தவன் என்று தெரிந்துவிட்டால் வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சரஸ்வதி பூஜையன்று நடப்பதோ இதைவிட வேடிக்கை. வருஷத்தில் ஒரு நாளை வித்தைக்கென்று ஒதுக்கி, அன்றைக்கு வீணை, வயலின், மிருதங்கம், புஸ்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டிட்டுப் பூவைத்து, யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது, வாசிக்கக்கூடாது என்கின்றார்கள்! வித்தையைக் கொண்டாடும் நாளிலே வித்தைக்கு விடுமுறை! இப்போது கித்தாரையும் அந்த வரிசையில் சேர்த்துப் பொட்டு வைக்கின்றார்கள். ஸ்பெயின் தேசத்தில் உருவான கருவிக்கு இந்தச் சந்தனம் எப்படி ஒட்டுகின்றதோ, நமக்கு விளங்கவில்லை.

நிற்க, இந்த இலவசப் பாடங்கள் எப்படி ஏற்பட்டன என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில் பிறந்து, லண்டனில் குடியேறி, கித்தார் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துவந்த ஜஸ்டின் ஸாண்டர்கோ என்பவர் 2003-ஆம் வருஷத்தில் சில பாடங்களை இணையத்தில் போட்டுவைத்தார். தம்மிடம் நேரில் படிக்க வருவோருக்கு மாதிரி காட்டவே அவர் அப்படிச் செய்தார். அதாவது அரிசிக் கடைக்காரர் வாசலில் ஒரு தட்டில் மாதிரி அரிசி வைக்கின்ற மாதிரி. ஆனால் மாதிரியைப் பார்க்க வந்தவர்கள் உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் வந்தார்கள். 2006 முதல் யூட்யூப்பில் வீடியோவாகவே போட ஆரம்பித்தார். கித்தாரை மடியில் எப்படி வைப்பது என்பதிலிருந்து வரிசைக்கிரமமாகப் பாடங்கள் வளர்ந்தன. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம், முடியாதவர்கள் கொடுக்காமலே படிக்கலாம் என்று ஜனங்களின் நாணயத்தின் மேல் விட்டார். பாட்டுப் புஸ்தகம், செல்போன் செயலி முதலியவைகளுக்கு விலை வைத்து அதிலே ஜீவனம் செய்கின்றார். அமெரிக்காவில் மார்ட்டி ஷ்வார்ட்ஸ், இங்கிலாந்தில் ஆண்டி க்ரௌலி என்று இப்படியே இன்னும் பலர்.

இவர்கள் எல்லோரும் தியாகிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. விளம்பரத்தில் காசு வருகின்றது. 2020-இல் கொரோனாக் காலத்தில் ஜனங்கள் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, கித்தார் செய்யும் ஃபெண்டர் கம்பெனி தன்னுடைய இணையப் பாடங்களை மூன்று மாதத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. அந்த வருஷத்தில் அக்கம்பெனிக்கு அதுவரையில் இல்லாத அளவுக்கு விற்பனை. வியாபாரியின் தர்மத்தில் கணக்கு இல்லாமலிராது. ஆனால் வியாபாரி அதைப் புண்ணியம் என்று சொல்லி நம்மை விழுந்து கும்பிடச் சொல்லவில்லை. அந்தமட்டில் அவன் யோக்கியன்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாடங்களில் என்ன சொல்லிக்கொடுக்கின்றார்கள்? மந்திரமா? உபதேசமா? இல்லை. இந்த விரலை இந்த இடத்தில் வை, இப்படி அழுத்து, இப்படி மீட்டு என்று காட்டுகின்றார்கள், அவ்வளவுதான். கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கட்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். நம் வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். அவை ஏன் அடியில் விலகியும் மேலே வரவர நெருங்கியும் இருக்கின்றன? தெய்வ சங்கற்பமா? கணக்கு! தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட் சுமார் 3.65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றும், மீதியுள்ள நீளத்தில் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வரும். 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி சரிபாதியாகி 32.5 சென்டிமீட்டரில் நிற்கும். அங்கே அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். ஏழாவதில் அழுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு தந்தி அதிர்ந்து பஞ்சமம் கேட்கும். ஒரு தையற்கடை அங்குல நாடாவைக் கொண்டு எந்தப் பையனும் இதை அளந்து பார்த்துக்கொள்ளலாம். கீழ்த்தந்தி விநாடிக்கு 82 தடவை அதிர வேண்டும், அடுத்தது 110, அப்புறம் 147, 196, 247, 330 என்று ஆறு தந்திக்கும் இலக்கம் இருக்கின்றது. செல்போனில் இருக்கும் ட்யூனர் அந்த அதிர்வைக் கேட்டு, கூட இருக்கின்றதா குறைய இருக்கின்றதா என்று முள்ளை அசைத்துக் காட்டிவிடும். அந்த முள்ளுக்கு ஜாதி தெரியாது. இராகு காலம் எமகண்டமும் தெரியாது. ஐயர் பிடித்தாலும் அருந்ததியர் பிடித்தாலும் 110 என்பது 110 தான்.

இனி, அப்பியாசத்தை எடுத்துக்கொள்வோம். ஸாண்டர்கோவின் பாடத்தில் ஒரு பயிற்சி இருக்கின்றது. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரேயடியாய் ஒலிக்க விரல்களை வைக்கும் வகைக்குக் கார்ட் என்று பெயர். ஏ என்கின்ற கார்டைப் பிடித்து ஒரு தரம் மீட்ட வேண்டும், உடனே டி என்கின்ற கார்டுக்கு விரல்களை மாற்றி ஒரு தரம் மீட்ட வேண்டும், திரும்பவும் ஏ. இப்படி ஒரு நிமிஷத்தில் எத்தனை தரம் மாற்ற முடிகின்றது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் பத்துக்குள் நிற்கும். விரல் நுனி எரியும். ஒரு வாரத்தில் கொஞ்சம் ஏறும். நிமிஷத்துக்கு 60 வந்தால் பாட்டுக்குக் கை தயாராகிவிட்டது என்று அர்த்தம். வித்தை வந்ததா வரவில்லையா என்பதைக் குரு நெற்றியைச் சுருக்கித் தலையை ஆட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கடிகாரம் சொல்லிவிடுகின்றது. அருள் என்று சொல்லப்பட்டதைப் பென்சிலால் நோட்டில் எழுதி, நேற்றைக்கு 14, இன்றைக்கு 17 என்று கூட்டிப் பார்க்கக்கூடிய நிலைமை வந்துவிட்ட பிறகு, பூர்வஜென்மத்துக்கு இதில் எங்கே இடம் என்று கேட்கின்றோம்.

கடவுள் கதை நம்முடைய நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் கித்தாரைப்பற்றிக் கடவுளுக்குப் பதில் சைத்தானைக் கட்டிவிட்டிருக்கின்றார்கள். மிஸிஸிப்பி மாகாணத்தில் 1911-இல் பிறந்து 1938-இல் இறந்துபோன ராபர்ட் ஜான்ஸன் என்கின்ற கறுப்பின வாலிபர், முதலில் கித்தாரைத் தொட்டால் கேட்டவர்கள் ஓடும்படியாய் வாசித்தாராம். கொஞ்ச காலம் காணாமற்போய், திரும்பி வந்தபோது எல்லோரும் வாயைப் பிளக்கும்படி வாசித்தாராம். உடனே கதை கட்டினார்கள்: நடுநிசியில் நாற்சந்தியில் சைத்தானைச் சந்தித்து, ஆத்துமாவை விற்று வித்தையை வாங்கினார் என்று. இதே கதை டாமி ஜான்ஸன் என்கின்ற வேறொரு கித்தார்க்காரரைப்பற்றியும் சொல்லப்பட்டதுதான். சைத்தானும் பழைய சரக்கையே திருப்பித் திருப்பி விற்கின்றான் போலும். ராபர்ட் ஜான்ஸன் பாடிய நாற்சந்திப் பாட்டிலே சைத்தானோடு பேரம் எதுவுமே கிடையாது. உண்மையில் நடந்தது என்ன? அவர் தமது பிறந்த ஊர்ப்பக்கம் போய், ஐக் ஸிம்மர்மன் என்கின்ற அனுபவசாலியான கித்தார்க்காரர் வீட்டில் தங்கி, இராப்பகலாகக் கற்றுக்கொண்டிருக்கின்றார். வீட்டில் வாசித்தால் பிறருக்கு இடைஞ்சல் என்று இரவில் இருவரும் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போய்க் கல்லறைகளின் மேல் உட்கார்ந்து அப்பியாசம் செய்ததாக ஸிம்மர்மனுடைய மகளே பிற்காலத்தில் சொல்லியிருக்கின்றார். இறந்தவர்கள் சத்தத்தைப்பற்றிப் புகார் செய்யமாட்டார்கள் அல்லவா? ஒரு ஏழை வாலிபன் மாதக்கணக்காக விரல் தேயக் கற்றான் என்கின்ற நிஜமான பெருமையைப் பிடுங்கிச் சைத்தானுக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் சரஸ்வதிக்குக் கொடுக்கின்றார்கள். இரண்டிலும் உழைத்தவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இனி குருவின் சங்கதி. ஏகலைவன் கதையை அறியாதவர் நம் வாசகரில் இரார். வேடன் பையன் என்று துரோணாச்சாரி விரட்டிவிட்டார். அவன் காட்டில் மண்ணால் ஒரு துரோணரைச் செய்துவைத்துக்கொண்டு தானாகவே வில்வித்தை பயின்றான். தேர்ச்சி பெற்றவுடன் ஆச்சாரியார் வந்து, சொல்லிக்கொடுக்காத பாடத்துக்குக் கூலியாகக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையைக் குருபக்திக்கு உதாரணமாகப் பாடப் புஸ்தகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கதை எழுதியவரே தம்மையறியாமல் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டிருக்கின்றார். மண் பொம்மை வாயைத் திறக்கவில்லை. ஆயினும் வித்தை வந்துவிட்டது! வித்தை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

விரலைப்பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டொன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. ஐரோப்பாவில் ரோமா என்கின்ற நாடோடி இனத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவருக்கு 1928-இல் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் முடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களைக்கொண்டே தந்திகளின் மேல் ஓடும் புது முறையொன்றைத் தாமே கண்டுபிடித்து உலகத்தை வியக்கச் செய்தார். 1965-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி ஐயோமி என்கின்ற 17 வயதுப் பையனுக்கு இயந்திரத்தில் கை அகப்பட்டு இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இனிக் கித்தார் இல்லை என்று அவர் மனமுடைந்து கிடந்தபோது, தொழிற்சாலை மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். கேட்ட பிறகு, இதை வாசித்தவருக்கு இரண்டு விரல்தான் வேலை செய்யும் என்று சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு. பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். பிற்பாடு ப்ளாக் ஸப்பத் என்கின்ற கோஷ்டியை ஏற்படுத்தியவர்களில் ஒருவரானார். ஆச்சாரியார் ஒருவர் இருந்த விரலை வாங்கிக்கொண்டு போனார். மேஸ்திரி ஒருவர் விரல் போனவனுக்கு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இவ்விருவரில் யாருக்குச் சிலை வைக்கலாம் என்று வாசகர்களே சொல்லட்டும். (நமக்குச் சிலை வைப்பதில் அவ்வளவு பிரியமில்லை, ஆனாலும் கேட்டுவைப்போம்.)

அமெரிக்காவில் வெஸ் மான்ட்கோமரி என்பவர் பகலில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டு, சார்லி கிறிஸ்டியனுடைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே கற்றார். அவர் வாசித்தது, துரோணர் வெட்டி வாங்கினாரே, அதே கட்டைவிரலால்! இவர்களுக்கெல்லாம் இசைத்தட்டு இருந்தது. இசைத்தட்டில் காது மாத்திரம் வேலை செய்யும்; எந்த விரல் எங்கே போயிற்று என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு வீடியோவில் விரலே தெரிகின்றது. வேண்டுமானால் ஓட்டத்தைப் பாதி வேகமாக்கிப் பார்க்கலாம், நிறுத்தலாம், நூறு தரம் திருப்பிப் போடலாம். நூறாவது தரமும் அந்த ஆசிரியர் முகம் சுளிப்பதில்லை. மரமண்டை என்று திட்டுவதுமில்லை.

நமக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது ஒரு ஊரில் பாட்டு வாத்தியார் ஒருவரிடம் போய்ச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க வீட்டுல யாருக்காவது இது உண்டா? இதெல்லாம் ரத்தத்துல ஊறி வரணும்பா” என்றார். ஜாதியை அவர் வாயால் கேட்கவில்லை, மரியாதையான மனிதர். ரத்தத்தில் சங்கீதம் ஊறுவதாயிருந்தால் இரத்த வங்கியில் புட்டி வாங்கி ஏற்றிக்கொள்ளலாமே என்று திருப்பிக் கேட்க நமக்கு அந்த வயதில் வாய் இல்லை. அவரைப்போன்றவர்களின் வாசலில் நின்று திரும்பிய பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் என்று யார் கணக்கு எடுத்தார்கள்? அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்குச் செல்போனைத் திறந்தால், டாஸ்மேனியாக்காரர் ஒருவர் “வாருங்கள், உட்காருங்கள், கித்தாரை எடுங்கள்” என்கின்ற தோரணையில் ஆரம்பிக்கின்றார். வந்தது யார், யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. இதைத்தான் நாம் பெரிய சங்கதி என்கின்றோம்.

நம் நாட்டிலேயே தூரத்திலிருந்து கற்பதன் பலனுக்கு உதாரணம் இருக்கின்றது. பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணனுடைய கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராய்ச் சுற்றியவர். 1968-இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். கிளாஸிக்கல் கித்தாரில் லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். கடல் கடந்த ஒரு காலேஜ் பாடத்திட்டத்தை அனுப்பியது. பரீட்சைத் தாள் பிறப்பைக் கேட்கவில்லை. அவர் பக்தராயிற்றே, நீர் எப்படி அவரை உதாரணம் காட்டலாம் என்று சிலர் மடக்க வரலாம். அவர் யாரைக் கும்பிடுகின்றார் என்பது அவருடைய சொந்த விஷயம். கும்பிடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றார்கள். அவரைப்போலக் கற்று உழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதே நமது கேள்வி.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் 1890-களில் பிறந்த எலிஸபெத் காட்டன் என்கின்ற கறுப்பினப் பெண், இடது கைப் பழக்கமுள்ளவர். அண்ணனுடைய கித்தாரை அவன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாய் எடுத்து, வலது கைக்காரருக்குக் கட்டிய தந்திகளை அப்படியே தலைகீழாய்ப் பிடித்துத் தானாகவே கற்றார். வீட்டு வேலை செய்து காசு சேர்த்துச் சொந்தமாய் ஒரு கித்தார் வாங்கினார். சிறு பெண்ணாயிருக்கும்போதே பாட்டுக்கள் கட்டினார். அப்புறம் மாதா கோவிலில், இந்த உலகப் பாட்டும் கடவுளும் சேராது என்று சொல்ல, கித்தாரை விட்டுவிட்டார். எத்தனை வருஷம்? ஏறக்குறைய ஆயுளில் பாதி! வேலைக்காரியாய்ப் போன வீட்டில் சுவரில் தொங்கிய கித்தாரை எடுத்து மறுபடியும் வாசித்தபோது அவருக்கு 60 வயதை நெருங்கிவிட்டது. 1958-இல் இசைத்தட்டு வந்தது. 90 வயதை ஒட்டி கிராமி பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் சந்தோஷப்படட்டும். வாசிக்காமற்போன அந்தப் பல பத்து வருஷங்களை எந்தப் பாதிரியார் திருப்பிக் கொடுப்பார்?

இன்றைக்கு நிலைமை மாறிக்கொண்டு வருகின்றது. ஃபெண்டர் கம்பெனி 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கித்தார் கற்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். நம் ஊரிலோ, வீணையைப் பெண் தெய்வத்தின் கையில் கொடுத்துவிட்டு, பெண் பிள்ளை மாலையில் பாட்டு கிளாஸுக்குப் போனால் கூட யார் வருகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று தெருவே விசாரிக்கின்றது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கற்கக்கூடிய பாடம் வந்தது அப்பெண்ணுக்கு எவ்வளவு பெரிய சௌகரியம்! கதவைத் திறந்துகொண்டே கற்கின்ற காலமும் வரவேண்டும் என்பது வேறு விஷயம்.

வித்தையைப் பூட்டிவைப்பதில் மத குருமார்கள் மாத்திரம் சமர்த்தர்கள் என்று எண்ண வேண்டாம். 1992-இல் அமெரிக்காவின் நெவாடா சர்வகலாசாலைக் கணினியொன்றில், எந்தப் பாட்டுக்கு எந்தக் கார்ட் என்று கித்தார்ப் பிரியர்கள் தாங்களே காதால் கேட்டு எழுதிய குறிப்புகளைச் சேர்த்து, ஓல்கா என்கின்ற சேமிப்பை ஏற்படுத்தினார்கள். பாட்டு வெளியீட்டு முதலாளிகள் 1998-இல் வக்கீல் நோட்டீஸ் விட்டுப் பயமுறுத்தி, 2006-இல் அடியோடு மூடவைத்தார்கள். 2007-இல் ஒரு பாட்டை எப்படி வாசிப்பது என்று காட்டிய ஒரே ஒரு பாடத்தின் பேரில் புகார் வந்ததற்காக, ஒரு அமெரிக்க ஆசிரியருடைய நூற்றுக்கும் மேற்பட்ட வீடியோக்கள் யூட்யூப்பிலிருந்து எடுக்கப்பட்டன. பாட்டுக் கட்டியவனுக்குக் கூலி சேரவேண்டியது நியாயமே, அவனும் தொழிலாளிதான். ஆனால் காதால் கேட்டதைக் கையால் வாசிக்கக் காட்டுவதே குற்றம் என்றால், வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்கின்ற சட்டத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஈயத்துக்குப் பதில் வக்கீல் நோட்டீஸ், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னதால், செல்போனைத் திறந்தவுடன் கித்தார் வந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. அப்படி நம்புவது இன்னொரு மூட நம்பிக்கை. ஃபெண்டர் கம்பெனியின் தலைமைப் பதவி வகித்த ஆண்டி மூனி, புதிதாய்த் தொடங்குகிறவர்களில் 100-க்கு 90 பேர் முதல் வருஷத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கின்றார். காரணம் என்ன? விரல் நோவு ஒரு காரணம். அது சில வாரத்தில் தோல் காய்த்துப் போய்விடும். பெரிய காரணம் வேறு. கோவிலுக்குப் போகிறவன் சாமியைப் பார்த்தாலே பலன் என்று எண்ணுவதுபோல, நம் வாலிபர்கள் வீடியோவைப் பார்த்தாலே பலன் என்று எண்ணிக்கொள்கின்றார்கள். ஒரு பாடம் முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று மின்னுகின்றது, அதற்குத் தாவுகின்றார்கள். இப்படி 200 வீடியோவை “தரிசித்த” பையன்களை நாம் பார்த்திருக்கின்றோம். ஏ-யிலிருந்து டி-க்கு விரல் மாற்றச் சொன்னால் முழிக்கின்றார்கள். கண் கற்றது கைக்கு வராது. சமையற்கட்டைப் பார்த்தவனுக்குப் பசி தீருமா?

இதிலும் மந்திரவாதிகள் புகுந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கின்றோம். ஏழே நாளில் கித்தார், அப்பியாசமில்லாமல் கித்தார், பெரியவர்கள் மறைத்துவைத்த ஒரே இரகசியம் என்று தலைப்புப் போட்டு ஆள் பிடிக்கின்றார்கள். தாயத்து விற்கின்றவனுக்கும் இவர்களுக்கும் உடுப்பில்தான் வித்தியாசம். இரகசியம் என்று யார் சொன்னாலும் அந்த வீடியோவை மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

நேரில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் தேவையே இல்லை என்பதும் நமது வாதமல்ல. வீடியோ ஆசிரியர் நம்மைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டு மடங்கி வலி எடுக்கின்றதா, விரல் பக்கத்துத் தந்தியில் பட்டு அதை ஊமையாக்குகின்றதா என்பதைப் பக்கத்தில் இருக்கும் மனிதர் ஒரு நொடியில் கண்டு திருத்துவார். அப்பேர்ப்பட்டவர் கிடைத்தால் நியாயமான சம்பளம் கொடுத்து, நாற்காலியில் சமமாக உட்கார்ந்து, சந்தேகம் கேட்டுக் கற்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்பவர் ஆசிரியர். கேள்வியே கேட்காதே, காலைத் தொடு என்பவர் குரு. முன்னவர் நமக்கு வேண்டும்.

கடைசியாக, இலவசம் என்கிறார்களே, யாருக்கு இலவசம் என்றும் கேட்க வேண்டியிருக்கின்றது. பாடம் இலவசம், கித்தார் இலவசமல்ல. மட்டமானதே சில ஆயிரம் ரூபாய் ஆகின்றது. டேட்டாவுக்குப் பணம் வேண்டும். ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையில் வாசிக்க இடம் வேண்டும். தமிழிலும் சிலர் பாடம் போடுகின்றார்கள். என்றாலும் வரிசையாய் ஒழுங்காய் உள்ளவை பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. இக்குறைகளுக்கு இணையம் பரிகாரம் செய்யாது. நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே நமது படிப்பகங்களுக்கு ஒரு யோசனை சொல்லுகின்றோம். ஒவ்வொரு படிப்பகத்திலும் பொதுவில் ஒரு கித்தார் வாங்கிவையுங்கள். நைலான் தந்தி போட்டதாய் இருந்தால் புது விரலுக்கு நோவு குறைவு. மாலையில் ஒரு மணி நேரம் பாடத்தைப் பெரிய திரையில் போட்டு, இங்கிலீஷ் தெரிந்த ஒரு தோழர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடத்துக்கு மேல் போடக்கூடாது. மீதி நேரம் கைக்கு. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் எல்லோருடனும் உட்காரட்டும். சரஸ்வதி பூஜையன்றும் வகுப்பு உண்டு என்று பலகையில் எழுதிவையுங்கள். உபரியாய் ஒரு செட் தந்தி இருப்பில் இருக்கட்டும், தந்திகள் அறுந்துபோகக்கூடும். நிமிஷத்துக்கு எத்தனை மாற்றம் என்று அவரவர் எண்ணிக்கையை அவரவரே எழுத ஒரு நோட்டும், அதோடு ஒரு பென்சிலும் வேண்டும். பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. நமது படிப்பகங்களில் பென்சில் நிற்பதில்லை.